பழுக்காத கபரக்கொய்யா

ஊறிப்போன சாக்கொன்றைச் சேற்றுக்குள்ளிருந்து இழுத்தெடுத்தால் ‘சளக்’ என்று ஒரு சத்தம் வருமே, செத்த எருமையின் பின்பக்கத்திலிருந்து அது தன் தலையை வெளியே எடுத்தபோது அதே சத்தம்தான் வந்தது. அந்த நேரம் என் கையில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து மடித்த கடதாசிப் பொட்டலம் ஒன்று இருந்தது. செத்த எருமையைப் பார்க்க உப்புத்தூளோடு போகிறவன் என்ன சாதி மனிதன் என்று நீங்கள் முடிவுகட்டுவதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது. விடுமுறைக்குப் பாலையூற்றிலிருந்து புறப்பட்டு, லோஞ்ச் படகு ஏறி மூதூரில் இறங்கி, கட்டைபறிச்சானில் இருந்த மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். போனவுடனேயே மாமா, “மருமோன், ஓடைக்கரைப் பக்கம் தனியப் போகாதையுங்கோ, அங்க கபரக்கொய்யா கிடக்கு” என்றார். எங்கள் வீட்டில், முழங்கையை விட நீளமாகத் தரையில் ஊர்ந்து போகிற பல்லி இனமெல்லாம் ஒரே பெயரில் ‘உடும்பு’தான். ‘கபரக்கொய்யா’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன், கேட்டதிலும் பின்பாதி மட்டுந்தான் காதில் தங்கியது. மாமாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்த மச்சாளிடம் போய், “அது பழுத்திட்டுதா?” என்று இரகசியமாகக் கேட்டேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “ஓம் மச்சான், உள்ளுக்கு நல்ல சிவப்பு. உப்புத்தூள் கொண்டு போ” என்றாள்.

உள்ளே சிவப்புத்தான், பொய் சொல்லவில்லை. ஓடைக்கரையில் கிடந்த எருமை செத்து மூன்று நாளாகியிருக்க வேண்டும். கண்களைக் காகங்கள் எடுத்திருந்தன, வயிற்றை நாய்கள் திறந்து வைத்திருந்தன, உள்வேலை முழுவதும் கபரக்கொய்யாவாருடைய பொறுப்பில் இருந்தது. என் உயரத்தைவிட நீளம், கறுத்த முதுகில் மஞ்சள் புள்ளி, தாடையிலிருந்து கயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. அதை ஒரே உறிஞ்சில் உள்ளே எடுத்துவிட்டு, பிளந்த நாக்கை நீட்டி என் பக்கக் காற்றையும் ருசி பார்த்தது.

அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் பிணந்தின்னிக் கழுகைப் படித்திருந்தோம். பிணத்துக்குள் விட்டெடுக்கத் தோதான மொட்டைத் தலை, நோய்க்கிருமியையே கரைத்துவிடும் வயிறு, ‘இயற்கையின் துப்புரவாளர்’ என்ற பட்டம். எங்கள் பக்கத்தில் அந்தக் கழுகு கிடையாது என்று ரீச்சர் சொன்னபோது, “அப்ப இங்க ஆர் ரீச்சர் துப்புரவாக்கிறது?” என்று கேட்டு, “நீர் முதல்ல உம்மட மேசையைத் துப்புரவாக்கும்” என்று வாங்கிக் கட்டியிருந்தேன். கேள்விக்குப் பதில் இப்போது நாலு காலில் நின்றது. பொட்டலத்தையும் ஒரு செருப்பையும் அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஓடினேன்.

அடுத்த நாள் மத்தியானம் மாமி மிளகு போட்டுக் கறுக்க வறட்டிய இறைச்சிக்கறி ஒன்று வைத்தார். இரண்டாம் முறையும் வாங்கித் தின்றுவிட்டு, எலும்பை உறிஞ்சியபடி, “கோழியா மாமி?” என்றேன். “உடும்பு, தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் தந்தவர். உடும்பு உடம்புக்கு நல்லது.” உடும்பைப் பிடிக்கக்கூடாது என்று அப்போதே சட்டம் இருந்ததோ, இருந்தாலும் அது லோஞ்ச் ஏறிக் கட்டைபறிச்சானுக்கு வந்து சேர்ந்ததோ, தெரியாது.

எனக்குத் தெரிந்த உடும்பு ஒன்றே ஒன்று. முதல் நாள் எருமைக்குள் குடியிருந்தது. கதிரையோடு பின்னால் விழுந்தேன். குசினிக்குள் ஓடிப் புளிக்கரைசல் குடித்தேன், உப்புத் தின்றேன், அடுப்புக் கரியைக் கடித்தேன். கிருமியைக் கரைக்கிற வயிறு அதற்கு. எனக்கிருந்தது ஐஸ்பழத்துக்கே தாங்காத பாலையூற்று வயிறு. பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்து, “நான் செத்தால் என்ர கிரிக்கட் மட்டையைத் தம்பியாருக்கு மட்டும் குடுக்காதையுங்கோ” என்று மரணசாசனமும் சொல்லி முடித்தேன்.

மாமா சிரிப்பை அடக்கியபடி பக்கத்தில் குந்தினார். “மருமோன், கபரக்கொய்யாவை ஆரும் தின்னுவினமே? அது செத்ததுகளைத் தின்னுறது. உடும்பு வேற, அது வேற. உடும்புக்கு மூக்கோட்டை கண்ணுக்குக் கிட்ட. மற்றதுக்கு மூஞ்சி நுனியில.”

“அப்ப தலையைக் காட்டுங்கோ” என்றேன், பிணமாகப் படுத்திருந்தபடியே.

தலை வளவின் பின்பக்கக் குப்பைக்கிடங்கில் போடப்பட்டிருந்தது. என் உயிர் அந்த மூக்கோட்டையில் தங்கியிருந்ததால், மாமா, மாமி, மச்சாள், நான் நாலு பேரும் ஊர்வலமாகப் போனோம். மீன்குடலுக்கும் சாம்பலுக்கும் நடுவில் மஞ்சள் புள்ளி முதுகொன்று அசைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே, வாயில் பாதியாக நின்ற உடும்புத் தலையை அண்ணாந்து விழுங்கியது. அதன் தொண்டையில் ஒரு முட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் போனது.

“சாட்சியும் போச்சு” என்றாள் மச்சாள்.

“அது தன்ர இனத்தையும் தின்னுமோ மாமா?”

“அது எதையும் மிச்சம் விடாது, மருமோன்.”

நான் அந்த இடத்திலேயே குனிந்து, தின்ற அத்தனையையும் திருப்பிக் கொடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அதையும் அது துப்புரவாக்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் இருந்த ஒரு கிழமையும் இறைச்சி என்ற கதையே எடுக்கவில்லை. நான் தின்றது எது என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

போன மாரிக்குக் கட்டைபறிச்சானில் மச்சாள் வீட்டுக்குப் போனேன். இப்போது லோஞ்ச் தேவையில்லை, பாலங்கள் வழியே வாகனத்திலேயே போய்விடலாம். ஓடைக்கரையில் கண்டல் மரங்களை வெட்டி, மண் நிரப்பி, காணிகளுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலியோரம் ஒரு மாடு செத்து ஐந்து நாளாம். காகம் கண்ணை எடுத்திருந்தது. நாய்கள் குடலை ரோட்டுவரை இழுத்து வந்து போட்டிருந்தன. அதற்குள்ளிருந்து சொப்பிங் பைகள் முழுசாக வெளியே வந்து கிடந்தன. ஆரோ குளோரின் தூள் கொட்டியிருந்தார்கள், அது நாற்றத்துக்கு முகப்பூச்சு பூசியது போலிருந்தது. உள்வேலை செய்ய ஒருவரும் வரவில்லை. தண்ணீர்ப் பக்கமாக ஒரு மஞ்சள் புள்ளியாவது அசைகிறதா என்று நாங்கள் இருவரும் வெட்கமில்லாமல் தேடினோம்.

சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி மச்சாள், “இப்ப ஒண்டு வந்தால் எவ்வளவு நல்லம், என்ன மச்சான்?” என்றாள்.

‘ஓம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாற்றம் நேரே உள்ளே போய்விட்டது.