எஞ்சினுக்கு ஆயுள் கூட்டிய கதை

மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த என் கணவர், அதை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது, பெட்டிகளோடு ஒரு லாரியும் வந்தது. ஒரு கை நீளம்தான் இருக்கும். யானைக்குட்டியின் கால் மாதிரி நான்கு டயர்கள், மேலே சிவப்புக் கூடு. ரிமோட்டில் ஓடுவது. எங்கள் ஒரே மகள் அப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அதனால் கேட்டேன்.

“இஞ்சேருங்க, இந்த விளையாட்டுச் சாமான யாருக்கு வாங்கினிய?”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “விளையாட்டுச் சாமானா? எட்டி, இதுக்குள்ள இருக்கது நெஜ எஞ்சினாக்கும். பேட்டரியில ஓடுற சாதனம் இல்ல. நைட்ரோன்னு ஒரு எரிபொருள் ஊத்தணும்.”

அந்த நைட்ரோவை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். பெட்ரோல் பங்கிலும் கிடைக்காது. பெங்களூரில் ஒரு கடைக்காரரைப் பிடித்து, பலமுறை போன் பேசி, பார்சல் லாரியில் வரவழைத்தார். மகள் பிறந்த அன்று அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது, அந்தக் கேன் வந்து இறங்கிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பிறந்தபோது அவர் மஸ்கட்டில் இருந்தார்.

இனி ஓட்டுவார் என்று நினைத்தேன். அது எனது அறியாமை. புது எஞ்சினை முதலில் பழக்க வேண்டுமாம். முற்றத்தில் செங்கல்மேல் வண்டியைத் தூக்கி வைத்தார். சக்கரம் தரையில் படாமல், எஞ்சின் மட்டும் மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. ஊற்றியது தீர்ந்ததும் ஆறவிடுவார். ஆறியதும் மறுபடி ஊற்றுவார். எண்ணெய் கலந்த எரிபொருள் என்பதால் வெள்ளைப் புகை மதிலைத் தாண்டிப் போயிற்று. சிக்குன்குனியா ஊரையே நொண்ட வைத்திருந்த காலம் அது. பக்கத்து வீட்டு அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

“கொசுவுக்கு மருந்து அடிக்கியளா? கொள்ளாம், நல்ல காரியம். எனக்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் காட்டுங்க. பஞ்சாயத்துக்காரன நம்பி ஒரு பலனும் இல்ல.”

இவர் புகைக்குழாயை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

பழக்கம் முடிந்ததும் பராமரிப்பு ஆரம்பித்தது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் இருந்த ஊசி போடும் சிரிஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே மிச்சமிருக்கும் நைட்ரோ துருவைக் கொண்டுவருமாம். அதற்கு சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். மேலே இருந்தபடி ஆறினால் சிலிண்டர் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். காற்று வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். காலையில் குளிர்ந்திருந்தால் என் ஹேர் டிரையரால் சூடு காட்டிவிட்டுத்தான் கிளப்புவார். எஞ்சின் சூட்டை அளக்கத் துப்பாக்கி போல ஒரு கருவியும் வாங்கினார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதை அளக்கக் கையை நீட்டச் சொன்னால் மட்டும், “நாளைக்குப் பாக்கலாம்” என்பார்.

சரி, எங்கே ஓட்டுவது? கடற்கரை மணல் வடிகட்டிக்குள் போய்விடும். செம்மண் அதைவிட மோசம். தார் ரோட்டில் பஸ் வரும். மழையில் எடுக்கவே கூடாது. எங்கள் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் தவறாமல் வரும். வண்டி கட்டிலுக்கு அடியில் சுகமாக இருந்தது.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. “அத்தான், வண்டின்னா ஓடணும். இல்லன்னா கோயிலு மாதிரி ஒரு குருசடி கெட்டி, உள்ள வச்சு மெழுகுதிரி கொளுத்துங்க.”

அந்தப் பேச்சு தைத்துவிட்டது. சர்ச் வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஓட்டிக்காட்டச் சம்மதித்தார். முந்தைய நாள் மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினார். விழா அன்று ஊரே வட்டமாக நின்றது. எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. வண்டி புறப்பட்டது, புகைவிட்டுக்கொண்டு, சவ ஊர்வலத்தின் வேகத்தில். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே நடந்தது. பிறகு சலித்துப்போய் உட்கார்ந்து காதைச் சொறிந்தது.

“அண்ணே, தள்ளணுமா?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

தம்பி அவர் காதருகே குனிந்தான். “எரிபொருள் விடுற அந்தத் திருகைக் கொஞ்சம் முறுக்குங்க அத்தான். எரிபொருள் கொறஞ்சா பறக்கும்ன்னு நீங்கதானே சொன்னிய?”

“பறக்கும். எண்ணெயும் சேந்து கொறையும். எஞ்சினுக்க ஆயுசு போவும். இவனுவ கைதட்டுக்காக எனக்க எஞ்சினக் கொல்லணுமா?”

ஊர் முழுக்கச் சிரித்தும் அவர் திருகில் கைவைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபோது, மஸ்கட்டில் இவர் காவலில் இருந்த எந்த எந்திரமும் நின்றிருக்காது என்று தோன்றியது. போதகர் நன்றியுரையில், “இந்த வண்டியைப் போல நாமும் பொறுமையோடு ஓடக்கடவோம்” என்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

அதன்பிறகு வண்டி வெளியே போகவில்லை. மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். ஆண்டுகள் போயின. மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகன் ஒருநாள் மரியாதைக்கு, “மாமா, அந்த வண்டிய ஒருக்கா பாக்கலாமா?” என்று கேட்டார்.

எடுத்து வைத்தார். ரப்பர் விளையும் ஊரில் இருந்தும் டயர்கள் வெடித்துப் பிளந்திருந்தன. ரிமோட்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சிவப்புக் கூட்டைத் தொட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. ஆனால் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புத்தம் புதிது போலச் சீராக இரைந்தது.

“பாத்தியளா மருமவனே! ஒரு சத்தம் மாறல!”

மருமகன் உதிர்ந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தார். “எஞ்சின் கொள்ளாம் மாமா,” என்றார்.

அந்த வாரமே, இந்த எஞ்சினைப் பொருத்துவதற்கென்று புது வண்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். எஞ்சின் இல்லாத வண்டி கடையில் இல்லை. வந்த பெட்டியைத் திறந்து, புது எஞ்சினைக் கையில் எடுத்துக் கவலையோடு பார்த்தார்.

“பழசத்தான் மாட்டப் போறிய. பின்ன இது சும்மா கெடக்கட்டு,” என்றேன்.

“சும்மா கெடந்தா கெட்டுப்போவுமே, எட்டி.”

கட்டிலுக்கு அடியில் இனி இடமில்லை. அலமாரியில் என் பட்டுச்சேலைகளை ஒரு தட்டு மேலே ஏற்றி, அந்த இடத்தைப் புது எஞ்சினுக்குக் கொடுத்தேன்.