பாய்க்கு மேலே தொங்க வேண்டிய வலை

எனக்கு மலேரியா வந்தது நுளம்பால் என்று டாக்குத்தர் சொன்னார். இறாலால் என்று என் மனைவி சொன்னாள். மனைவி சொன்னதுதான் சரி.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குக் கிட்டிய சண்டைக் காலம். முல்லைத்தீவுக் கரையில் அப்போது கடலுக்குப் போய்த் திரும்புவது நிச்சயமில்லாத காரியம். அதனால் எங்கள் ஊர், கரையை ஒட்டித் தேங்கி நிற்கும் உப்புநீர்க் களப்பை நம்பித்தான் இருந்தது. மாரி மழையில் களப்பின் வாய் உடைத்துக்கொள்ளும்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரும். சித்திரை வரை தொடாமல் விட்டால் விரல் மொத்தத்துக்கு வளரும். அதுதான் எங்கள் வருடச் சோறு.

தொட்ட முதல் ஆள் நான்.

புது வலை பின்ன நூல் அந்த நாட்களில் பொருளாதாரத் தடையால் எங்கள் வன்னிக்குள் வராது. ஆனால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கும் எங்களுக்கும் மலேரியாவுக்கென்று வீட்டுக்கு ஒரு நீல நுளம்பு வலை கொடுத்திருந்தார்கள். அதை விரித்துப் பார்த்தபோது என் கண்ணுக்குப் படுக்கை தெரியவில்லை, களப்புத்தான் தெரிந்தது. இரண்டு தடியில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இழுத்தேன். குறுணி அரிசிக்குக் கண் வைத்தது போன்ற குஞ்சுகள் வாளி வாளியாக வந்தன. வழக்கமாக எங்கள் இறாலை ஐஸ் போட்டு ஏற்றிப்போகும் லொறி முதலாளி, கோழித்தீனுக்குக் காயப்போட அதை வாங்கிக்கொண்டார். நான் பெரிய விஞ்ஞானி என்ற நினைப்போடு, வலையில்லாத பாயில் நிம்மதியாகப் படுத்தேன். இரண்டாம் கிழமை மூன்று சாக்குப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அதற்குள் என் கெட்டித்தனத்தைப் பார்த்து இன்னும் பத்து வீடு தங்கள் வலையைக் களப்பில் இறக்கியிருந்தது.

அப்போதுதான் எங்கள் ஊர் அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்குத் தோணியும் இல்லை, வலையும் இல்லை. களப்பில் குந்தியிருந்து சேற்றைக் கையால் தடவி, இறாலைப் பிடித்து இடுப்பில் கட்டிய பறிக் கூடைக்குள் போடுவதுதான் தொழில்.

"தம்பி, இந்த மாதம் எண்டால் குஞ்சு ஓடி உள்ளங்கையைக் கிச்சுக்கிச்சு மூட்டும். மூண்டு நாளாய்த் தடவுறன், வெறுஞ்சேறு. சித்திரையில நான் என்னத்தைத் தடவுறது? உன்ர தலையையோ?"

"தலைக்கயும் ஒண்டுமில்லை அக்கா" என்றேன், பல்லடித்தபடி.

"அது ஊருக்கே தெரியும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கொட்டிலடியில் சீட்டுக் குலுக்குவது எங்கள் வழக்கம். அந்தக் கிழமை களப்பில் யாருடைய வலைக்கு எந்த இடம் என்பதை ஒரு பானைதான் தீர்மானிக்கும். அன்று அக்கா பானையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"நுளம்பு வலை தண்ணிக்க இறங்கினால் அந்த வீட்டுப் பேர் இதுக்க விழாது. வலை பாய்க்கு மேலதான் தொங்க வேணும். வீடு வீடாய் வந்து பாப்பன்."

"நீங்களென்ன மலேரியா இன்ஸ்பெக்டரோ?" என்று ஒருவன் கேட்டான்.

"ஓம். இண்டையில இருந்து."

பத்து வீடும் தலையாட்டின. தொடக்கி வைத்தவன் மட்டும் சித்திரை முடியும் வரை வெளியே என்று முடிவானது. சீட்டில் பேர் எழுதுகிறவன் நான்தான். என் பேரை நானே எழுதி, நானே கிழித்தேன்.

இரண்டு நாளில் லொறி வந்தது. குஞ்சு இல்லை என்றோம்.

"அப்ப சித்திரையில உங்கட பெரிய இறாலும் எனக்கு வேண்டாம். ஐஸில்லாமல் நாறட்டும்" என்றார் முதலாளி. அவர் என் பக்கம் திரும்பி, பத்துப் புது நுளம்பு வலை கட்டிய பொதியொன்றை என் காலடியில் போட்டார். "நீதான் கெட்டிக்காரன். இந்தா, சும்மா வைச்சுக்கொள்."

பொதியைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்தேன்.

"அக்கா, பிந்தி வந்து தறப்பாள் கூடாரத்துக்க இருக்கிற சனத்துக்கு வலை கிடைக்கேல்லை. முதலாளி தருமம் செய்யிறார்."

"டேய், அது உனக்கெல்லோ தந்தனான்!"

"ஊருக்கு முன்னால சும்மா எண்டு சொன்னனீங்கள், முதலாளி. எங்கட காய்ச்சலுக்கு இரங்கின வியாபாரி நீங்கள் ஒருத்தர்தான்."

சனம் சிரித்த சிரிப்பில் லொறி வெறும் பெட்டிகளோடு திரும்பிப் போனது.

சித்திரையில் இறால் வந்தது, ஐஸ் வரவில்லை. உப்புத் தண்ணீரில் அவித்து, பாயில் காயப்போட்டு, சைக்கிளில் கட்டி நெடுங்கேணிப் பக்கம் கொண்டுபோனோம். பாதித் தூரம் நான் சைக்கிளைத் தள்ளினேன், மீதித் தூரம் சைக்கிள் என்னைத் தள்ளியது. கொஞ்சம் பழுதாகியும் போனது. வீட்டில் கிழமைக்கணக்காக மரவள்ளிதான். ஆனாலும் ஒருவரும் லொறிக்குத் தூது விடவில்லை.

மூன்றாம் கிழமை லொறி தானாகவே வந்தது.

"இறால் இருக்கோ?" என்றார் முதலாளி, இறங்காமலே.

"இருக்கு. முதல்ல பெட்டியளைத் திறவுங்கோ" என்றார் அக்கா. சேலையைச் செருகிக்கொண்டு லொறியில் ஏறி, நீலத் துணி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஐஸ் பெட்டியாகக் கிளறினார். பிறகு இறங்கி நேரே என் வீட்டுப் பக்கம் நடந்தார்.

"அக்கா, நேற்றுத்தானே பாத்தனீங்கள்!"

"உன்ர வீட்டை நாளைக்கும் பாப்பன்."

வலை பாய்க்கு மேலேதான் தொங்கியது. களப்பில் கிழிந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "தைச்சு வை" என்றார்.

சித்திரை முடிந்து வந்த ஞாயிறு பானைக்குள் என் பேரும் விழுந்தது. கிடைத்தது இறால் எட்டியும் பார்க்காத ஒரு மூலை. யார் கேட்டாலும் அந்த இடத்தை மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.