கொக்குத்திட்டு வளைவு

உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப் மரத்தடியில் மழையில் நனைந்த கொக்கு எச்சம் நாறியதும் நெய்யாற்று வளைவில் கொக்குகள் கூடு கட்டிய மணல்திட்டு ஞாபகம் வந்தது. கொக்குகள் அடைகாக்கும் மாதங்களில் எங்கள் கரையில் கோயிலிலும் வெடி கிடையாது, சர்ச்சிலும் கிடையாது. மாநிலங்களைப் பிரித்த காலத்தில், எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலம்கூட அந்த வளைவில் கோஷத்தை விழுங்கிக்கொண்டுதான் நடக்கும்.

"எலே, சத்தம் போடாதே, முட்டை உண்டு" என்பார் கொடி பிடித்த அப்பா.

ஒருநாள், ஊர் வழக்கம் தெரியாத, புதிதாக வந்த போலீஸ்காரர்கள், கூட்டம் திடீரென்று அடங்கியதும், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். மொத்தமாக எழும்பிப் போன கொக்குகள் திரும்பவில்லை. முட்டைகளைக் காக்கைகள் தின்றன. தாலுகா கேரளத்திலேயே நின்றது. பிறகு திட்டையும் மணலாக லாரியில் அள்ளிவிட்டார்கள்.

அந்த வளைவில் இன்றும் என் குரல் தாழ்கிறது, வெறும் தண்ணீருக்காக.