கோ டீச்சர் படுத்திய பாடு

கோ மெய்-லுவான் டீச்சரின் கணவர் எங்கள் ஊரான சாவ்ஜோவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் எது காணாமல் போனாலும் அது எங்கள் நர்சிங் கல்லூரியில் ஏதாவது ஓர் உறுப்பாக மாறியிருக்கும். தோட்டக் குழாய் போனால் ரத்தக் குழாய். புனல் போனால் இரைப்பை. ஒருமுறை கை பம்பையும் சிவப்புச் சாயத்தையும் வைத்து அவர் செய்த இதயம் நன்றாகத்தான் துடித்தது. பிறகு மூட்டு கழன்று, வகுப்பைப் பார்வையிட வந்திருந்த துறைத் தலைவி லியாவ் அவர்களின் வெள்ளைச் சட்டை முழுக்கத் துடித்தது.

அன்றைக்கே லியாவ் மேடம் முடிவு செய்துவிட்டார். அடுத்த பருவத்தில் பேசும் நோயாளி பொம்மை ஒன்று வந்து இறங்கியது. கண் சிமிட்டும், மூச்சு விடும், தப்பாக ஊசி குத்தினால் புகார் சொல்லும். அது அடிக்கடி நின்றுபோகாமல் சமர்த்தாக இருக்கட்டும் என்று அதன் நெஞ்சின் மேல், 'சமர்த்து' என்றே பெயர் கொண்ட ஒரு பச்சைப் பொட்டலத் தின்பண்டத்தையும் மேடமே வைத்தார். எங்கள் ஊரில் இயந்திரங்களுக்குப் பச்சைதான் ராசி, வேறு நிறம் ஆகாது. பழுப்புப் பொட்டலம் வைக்க யாரோ பார்த்தபோது அடிக்கவே போய்விட்டார்.

பொம்மையிடம் ஒரே ஒரு குறை. அது தலைநகர் தைபேயில் பேசப் பழகியது. என் தோழி யி-ஜுன் முதல் ஊசியை எலும்பு வரை இறக்கியபோது, "மன்னிக்கவும், எனக்குச் சற்று வலிக்கிறது" என்றது.

"நம்ம ஊர்ல எவன்டி இப்படிப் பேசுவான்?" என்றாள் யி-ஜுன். "எங்க மாமாவுக்குக் குத்தியிருந்தா, 'ஏ பொண்ணு, கையில வச்சிருக்கிறது ஊசியா கடப்பாரையா'ன்னு கேட்டிருப்பாரு."

எந்தக் கற்பிக்கும் சாதனம் மாணவிகளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மேடம் ஒரு கூட்டம் கூட்டினார். கோ டீச்சர் தன் உறுப்புகளைக் கூடையில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாம மனசுல இருக்கிறத சொல்லுங்க. கரும்பலகை எப்படி?"

"ரொம்ப உதவியா இருக்கு மேடம். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி எழுதுறப்ப ஒரு வாய் சாப்பிட்டுக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"திரையில படம் போட்டுக் காட்டுறது?"

யி-ஜுன் எழுந்தாள். "அதுதான் இருக்கிறதிலேயே நல்லது மேடம். விளக்கை அணைச்சிடுவாங்க. மத்தியானச் சோறு சாப்பிட்டதும் நேரா படம்தான் போடணும்."

"கோ டீச்சர் செஞ்ச மாதிரிகள்?" இதை மேடம் கொஞ்சம் ஆசையாகவே கேட்டார்.

"பெருங்குடல் பிரமாதம் மேடம். காலுறைக்குள்ள பஞ்சு அடைச்சது. விடுதியில நான் அதுலதான் தலை வச்சுப் படுக்கிறேன்" என்றாள் யி-ஜுன்.

"அப்ப அது உங்கிட்டயா இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து கோ டீச்சர் கத்தினார். "நான் என் வீட்டுக்காரர சந்தேகப்பட்டேனேடி!"

மேடம் மேசையைத் தட்டிவிட்டுக் கடைசியாகப் பொம்மையைப் பற்றிக் கேட்டார். யாரோ ஒருத்தி மெல்ல, "அது ரொம்ப மரியாதையா இருக்கு மேடம். அதுகிட்ட பழகிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா நாங்க அழுதுடுவோம்" என்றாள்.

கோ டீச்சர் கூடையைக் கீழே வைத்தார். நேராகப் போய்ப் பொம்மையை நகர்த்திவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டு, கட்டைக் குரலில், "ஏ, யாரு அங்க? கால் ஒடிஞ்சவன் எவ்வளவு நேரம் காத்துக் கெடக்குறது? நான் மெல்லுற பாக்க எங்க ஒளிச்சீங்க?" என்றார்.

அப்படித்தான் லாரி ஓட்டும் லிம் மாமா பிறந்தார். அவரைக் குளிப்பாட்டப் போனால் தண்ணீர் சூடு என்பார், பிறகு ஜில் என்பார். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்கிவிட்டேன் என்பார். காய்ச்சல் பார்க்கப் போனவளிடம், "உனக்கு நல்ல மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன், எங்க லாரியில கிளீனர்" என்பார். நாங்கள் சிரித்துச் சிரித்து, நடுவில் எப்படியோ நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொண்டோம். லியாவ் மேடமும் சட்டைக்கறையை மறந்து சிரித்தார். மற்ற வகுப்புகள் லிம் மாமாவை இரவல் கேட்டன. வீட்டிலும் டீச்சர் அதே குரலில் சாப்பாடு கேட்பதாகக் கணவர் புலம்பினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் படுக்கையில் இருப்பவருக்கு உடம்பு துடைக்கும் பாடம். லிம் மாமா வழக்கம்போலப் படுத்தார். யி-ஜுன் ஈரத்துணியை எடுத்தாள். அது நல்ல ஜில்லென்று இருந்தது. துடைத்தாள். வசவு வரவில்லை. முழங்கையை முறுக்கினாள். அதற்கும் ஒன்றுமில்லை.

"டீச்சர், திட்டுங்க" என்றாள்.

"பரவாயில்லம்மா, நீ செய்" என்றார் டீச்சர், மென்மையாக.

யி-ஜுன் துணியைப் போட்டுவிட்டாள். "ஏய், டீச்சருக்கு என்னமோ ஆயிடுச்சு! மரியாதையா பேசுறாங்கடி!"

வலது விலாவுக்குக் கீழே தொட்டதும் டீச்சரின் முகம் வெளுத்தது. பித்தப்பையில் கல் என்று எங்களுக்கே புரிந்துவிட்டது. அப்போதும் அவர், "ஒண்ணுமில்ல, மணி அடிக்கட்டும், போய்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்கவில்லை. கட்டிலோடு சேர்த்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம். இதற்குள் ஆம்புலன்சும் வந்துவிட்டது.

பித்தப்பையை எடுத்த அறுவை முடிந்து நாங்கள் பார்க்கப் போனபோது, அந்த வார்டிலேயே சத்தமில்லாத நோயாளி கோ டீச்சர்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நன்றி சொன்னார். தலைமாட்டில் இருந்த அழைப்பு மணியை அழுத்தவே இல்லை என்று நர்ஸ் சொன்னாள்.

"வலிக்கலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"உயிரே போகுது. ஆனா அந்தப் பொண்ணு பாவம், காலையில இருந்து நிக்கிறா. எப்படிடி கூப்பிடுறது?"

யி-ஜுன் எட்டி மணியை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் திரும்பி வந்ததும் வகுப்பில் லிம் மாமாவின் கட்டிலில், டீச்சரின் போர்வைக்குள், புதிய நோயாளி ஒருத்தி அறிமுகமானாள். எதைக் கேட்டாலும் அந்த அம்மாள், "ஒண்ணுமில்லம்மா, நீங்க போய் சாப்பிடுங்க" என்பாள். வலி எங்கே என்று நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டே வகுப்பில் யி-ஜுன் வெறுத்துப் போனாள். "டீச்சர், லிம் மாமாவையே கூப்பிடுங்க. அவரு கத்துறப்பவே எல்லாம் தெரிஞ்சிடும். இந்தம்மா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கணும். தூங்க முடியல, சாப்பிட முடியல, ஒரு மண்ணும் முடியல."

இத்தனை வருடத்தில் எந்தக் கருத்துக்கும் டீச்சர் இப்படிப் பூரித்து நாங்கள் பார்த்ததில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் சூடான அரிசிமாவு உருண்டைகளை ஐஸ் தூளில் போட்டுத் தரும் கடைக்கு அழைத்துப் போனார். பக்கத்துக் கடையில் பொரித்த பன்றிக்கறி வாசம் வந்தது. ஒரு தட்டு சொல்ல அவர் கையைத் தூக்கினார்.

"கையைக் கீழ போடுங்க," என்றாள் யி-ஜுன். "பித்தப்பை இல்லாதவங்களுக்கு எண்ணெய்ப் பண்டம் கிடையாது."

டீச்சர் கட்டைக் குரலில் கத்த ஆரம்பித்தார்.