முன்கூட்டியே சொன்ன நன்றி

இந்த ஊரில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு, சாலையின் மறுபக்கத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். ஹாரி என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். நான் வேலை பார்க்கும் பிஸ்கட் ஆலையில், அதே பேக்கிங் கூடத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர். பதினான்கு மாதங்களாகக் காலை ஆறரைக்கு ஒரே பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். குளிர், மழை, மறுபடி குளிர் என்பதைத் தவிர அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை. சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை, நேராக என் முகத்தைப் பார்த்து, "புது மேனேஜரைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

ஆலைக்குப் புது மேனேஜர் வரவில்லை. ஊரின் கால்பந்துக் கிளப்புக்கு வந்திருந்தார். இரண்டு வருடத்தில் அவர் மூன்றாவது ஆள் என்பது எனக்கும் தெரியும். உள்ளூர்ப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழைய தொழில் விட்டுச்சென்ற பழக்கம். யோசித்துவிட்டு, "அவரை வரவேற்க ஸ்டேஷனுக்கு யார் யார் போனீர்கள்?" என்று கேட்டேன்.

"எதற்கு? அவருக்கு வழி தெரியாதா?" என்றார் ஹாரி.

மாலை, எலுமிச்சம்பழம், இரண்டு வார்த்தை வரவேற்பு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பெரிதாகச் சிரித்தார். இந்த நாட்டில் நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு ஒருவர் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று மதியம் காண்டீனில் தன் மேசையில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்.

அந்த மேசையில் ஆறு பேர். புது மேனேஜர் இன்னும் ஓர் ஆட்டத்தைக்கூட நடத்தியிருக்கவில்லை. அதற்குள் அவரைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். முந்தைய கிளப்பில் வயதானவர்களை ஒதுக்கியவர், தடுப்பாட்டம் தெரியாதவர், கூடவே சொந்தமாக ஒரு கோல்கீப்பரைக் கூட்டிவரப் போகிறவர், முட்டாள், குடிகாரர். எல்லாம் உரத்த குரலில். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஆலையின் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அதே மேனேஜரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழங்காநத்தத்தில் நாங்களும் இப்படி ஒரு மேனேஜரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். எழுபதுகளின் கடைசி. அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். கோயில் திருவிழா, விபத்து, தக்காளி விலை ஆகியவற்றுக்கு நடுவே இடம் மிஞ்சினால் உள்ளூர் விளையாட்டுச் செய்தி நான்கு வரி எழுதுவேன். ஊரில் கால்பந்து என்றால் மில் அணிகள்தான். எங்கள் பகுதியில் பாதிப்பேர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார்கள். மீதிப்பேர் அந்த மில் அணியின் ரசிகர்கள். எங்கள் கூட்டம் ஒரு டீக்கடையில் கூடும். அதற்குத் தலைவர் என்று யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும், தையல்காரர் நாகு பேசினால் மற்றவர்கள் டீயை உறிஞ்சும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கோல்கீப்பர் தவசி. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவன். பந்து எங்கே வரும் என்று அடிப்பவனுக்கு முன்பே அவனுக்குத் தெரியும். மில்லில் அவன் பதிலி. நிரந்தரத் தொழிலாளி எவனாவது லீவு போட்டால் அந்த இடத்தில் நிற்பவன். தினமும் ஷிப்டுக்கு முன் கேட்டில் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் சைக்கிளைத் திருப்ப வேண்டியதுதான். அணிக்கு ஆடுகிறவர்களைச் சில வருடங்களில் நிரந்தரம் செய்வது அந்த மில்லில் வழக்கம். எழுதப்பட்ட விதி அல்ல. தவசிக்கு அது ஐந்தாவது வருடம். கல்யாணமாகி, மனைவி மூன்று மாத கர்ப்பம். "நிரந்தரமானா மில் லயத்துல ஒரு வீடுண்ணே, கொழாய்த் தண்ணி வாசல்லயே வருமாம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். அணியின் மேனேஜராக இருந்த மில் அதிகாரி அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்று செய்தி.

டீக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சு இல்லை.

"அந்தாளு கூடவே ஒரு கோலிய கூட்டிட்டு வாராராம்ல," என்றார் டீ மாஸ்டர். கோல்கீப்பருக்கு எங்கள் கடையில் கோலி என்று பெயர்.

"ஒமக்கு யாருய்யா சொன்னா?"

"டீ குடிக்க வந்த லாரிக்காரன்."

"லாரிக்காரன் சொன்னா லோடுதான் வரும், கோலி எப்படி வரும்?" என்றார் நாகு. எல்லோரும் சிரித்தோம். தவசி சிரிக்கவில்லை. கண்ணாடி டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, மொகத்த அப்படி வெக்காத. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்ற நாகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, புதுசா வர்றவருக்கு ஒரு வரவேற்புப் போஸ்டர் போட்ருவோம். அதுலயே இவன நெரந்தரம் பண்ணப்போறதுக்கு நன்றின்னும் போட்ருவோம்."

"அவர் இன்னும் பண்ணவே இல்லையே நாகு."

"அதுக்குத்தாண்ணே. ஊரறிய மொதல்லயே நன்றி சொல்லிட்டா, அப்பறம் எப்படி மாட்டேம்பாரு? மனுசனுக்கு வெக்கமா இருக்காதா?"

இதை இங்கே ஹாரியிடம் சொன்னால் புரியாது. மதுரையில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காதுகுத்துக்கும் கருமாதிக்கும் சுவரில் ஒட்டுகிற ஊர் அது. அதிகாரி வந்தால் ஒட்டுவோம், போனால் ஒட்டுவோம், சாலை போடாதவருக்குச் சாலை போட்டதற்கு நன்றி என்று ஒட்டிச் சாலை வாங்கியிருக்கிறோம். அந்த வாசகத்தை நான்தான் எழுதினேன். பத்திரிகைக்காரன் எழுதினால் கச்சிதமாக இருக்கும் என்றார்கள். "எங்கள் கோட்டையின் காவல்காரன் தவசியை நிரந்தரமாக்கவிருக்கும் நல்லுள்ளத்துக்கு நன்றி." எழுதி முடித்ததும் எனக்கே பிடித்திருந்தது.

அச்சகத்துக்கு நானும் போனேன். போஸ்டருக்கான பெரிய மர எழுத்துகளை அங்கே தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். இடவலம் மாறிக் கிடக்கும் அந்த எழுத்துகளைப் படிக்க என் கண் பழகியிருந்தது. அச்சுக் கோத்ததுமே பிழை பார்த்துவிடுவேன். மேனேஜரின் பெயர் நீளம். அந்தப் பெயருக்கு வேண்டிய அளவு பெரிய எழுத்துகள் அச்சகத்தில் இல்லை. தவசிக்கு மூன்றே எழுத்து. ஆகவே மேனேஜர் சிறிய எழுத்திலும் தவசி ஒரு சாண் உயர எழுத்திலும் கோக்கப்பட்டார்கள். பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. "போடலாம்" என்றேன்.

புது மேனேஜர் வேலையில் சேர்ந்த அன்று மில்லின் சுற்றுச்சுவர் முழுக்கத் தவசி இருந்தான்.

அன்று மாலை திருமங்கலம் அணியுடன் ஆட்டம். அணியை வரிசையாக நிறுத்தி மேனேஜர் கை கொடுத்துக்கொண்டே வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை. தவசியிடம் வந்ததும் நின்றார். "நீங்கதான் தவசிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்றான் இவன். "நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

நாகு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டீகளாண்ணே? பதிலிக்குப் போய் 'ங்க' போடுறாரு! முடிஞ்சுச்சு. அம்புட்டுத்தான். லயத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதுதான்."

கோயம்புத்தூர்க்காரர்கள் வேலையை விட்டு நிறுத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கோபத்துக்குச் சத்தம் உண்டு. சத்தம் இல்லாததால் கோபம் இல்லை என்று முடிவு கட்டினோம். அன்று தவசி ஒரு பெனால்டியைத் தடுத்தான். நாங்கள் ஜெயித்தோம். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி எழுதினேன். அதில் ஒரு வரி அவனுக்கு.

பதினைந்து நாள் கழித்து நிரந்தரமானவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஏழு பெயர். தவசி இல்லை. அடுத்த மாதத்திலிருந்து கேட்டில் அவன் பெயரைக் கூப்பிடுவது வாரத்துக்கு இரண்டு நாளாகி, பிறகு ஒரு நாளாகி, நின்றுபோனது. கோயம்புத்தூரிலிருந்து கோலி யாரும் வரவில்லை. அணியில் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒருவனைக் கோலில் நிறுத்தினார்கள். அந்த வருடம் தோற்றார்கள். அதற்காக யாரும் மேனேஜரை ஒன்றும் கேட்கவில்லை. தவசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறிப் போனான்.

இங்கே காண்டீனில் ஒரு நாள் ஹாரியிடம் கேட்டேன். "புது மேனேஜர் இப்போதுள்ள கோல்கீப்பரை வேண்டாம் என்றால் அவன் என்ன செய்வான்?"

"பெஞ்சில் உட்காருவான்."

"வீடு?"

"எந்த வீடு?"

"அவன் குடியிருக்கும் வீடு. அது போய்விடுமா?"

ஹாரி சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். "நீ ரொம்ப நல்லவன், நண்பா," என்றார். கோல்கீப்பரின் வீட்டைப் பற்றிக் கவலைப்படும் ரசிகனை அவர்கள் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அது அந்த மேசையின் நிரந்தர நகைச்சுவை ஆகிவிட்டது. கோல் விழும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "ஐயோ, அவன் வீடு!" என்பார். நானும் சிரிப்பேன்.

தவசி ஊருக்குப் போய் ஐந்தாறு வருடம் கழித்து, என் மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்து, நாங்கள் கிளம்புவது முடிவான மாதம், மில்லின் அலுவலகக் குமாஸ்தா ஒருவரைப் பழங்காநத்தம் கடைத்தெருவில் பார்த்தேன். ஊரை விட்டுப் போகிறவனிடம் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள். "தவசி பேரு மொத லிஸ்ட்லயே இருந்துச்சு சார்," என்றார். "பழைய மேனேஜர் எழுதி வச்சுட்டுத்தான் போனாரு. புதுசா வந்தவரு கையெழுத்துப் போடத்தான் எடுத்து வச்சிருந்தாரு. சொவத்தப் பாத்துட்டு வந்தாரு. 'இப்ப நான் போட்டா அது என் கையெழுத்து இல்லீங்க, சொவத்தோட கையெழுத்து'ன்னாரு. ஒரே கோடு. அடிச்சுட்டாரு."

அவரை நான் கெட்டவர் என்று எழுத முடியாது. தவசிக்கு முன்னால் பதிலியாகச் சேர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களும் அந்தச் சுவரைப் படித்திருந்தார்கள். பணிந்துபோனார் என்ற பெயரோடு முதல் நாளைத் தொடங்க எந்த அதிகாரியும் விரும்பமாட்டார். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு டீ மட்டும் குடித்திருந்தால் போதும் என்பதும் புரிகிறது. செய்தி எழுதுவதற்கு முன் உறுதி செய்துகொள் என்பது பத்திரிகையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தக் குமாஸ்தாவை நான் அப்போது கேட்கவே இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று உசிலம்பட்டிக்குப் போனேன். தவசி மாட்டுச் சந்தையில் தரகர் ஒருவருக்கு எடுபிடியாக இருந்தான். வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஓலைக் கூரை, மண் சுவர். சுவரில் அந்தப் போஸ்டர். மில் சுவரில் ஒட்டியதையெல்லாம் மூன்றாம் நாளே மாடுகள் தின்றுவிட்டன. ஒன்றை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே நாகுவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்திருக்கிறான். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. அவன் மகள் அதைத் தொட்டுத் தொட்டு, த, வ, சி என்று படித்தாள்.

"இதுலதாண்ணே எழுத்துக் கூட்டப் பழகுச்சு," என்றான். "மில்லு தராட்டி போவுது. எம் பேர இம்புட்டுப் பெருசா யாரு போடுவா? நீங்க எழுதுனதுதான?"

"ஆமா," என்றேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

இங்கே கிறிஸ்துமஸுக்குள் கிளப் புள்ளிப் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. ஜனவரியில் ஹாரி தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து, கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை அழைத்தார். "நீ பத்திரிகைக்காரன்தானே? மேனேஜருக்கு ஒரு வரி சொல்லு."

"நான் இப்போது எழுதுவதில்லை," என்றேன்.

அவருக்கு ஏமாற்றம். மேனேஜர்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். "சரி, கம்பையாவது பிடி," என்றார். வாசகத்தை அவரே எழுதினார். தயவுசெய்து போய்விடு, வழியை நாங்கள் காட்டுகிறோம் என்பது அதன் பொருள்.

சனிக்கிழமை மதியம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றோம். ஒரு கம்பு ஹாரியிடம், ஒரு கம்பு என்னிடம். மேனேஜர் ஓரக்கோட்டை ஒட்டி நடந்து வந்தார். எங்கள் முன் நின்று, துணியை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு சிரித்து, தொப்பியை எடுத்து ஹாரிக்கு ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரை நீக்கினார்கள். அதற்கடுத்த மாதம் வேறு ஊரில் வேறு கிளப்புக்கு அவர் மேனேஜர் என்று பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

அன்று அவர் படித்த நேரம் முழுவதும் நான் துணிக்குப் பின்னால் இருந்தேன். பெயிண்ட் ஊறி மறுபக்கம் வந்திருந்தது. எழுத்துகள் இடவலம் மாறி நின்றன. சுற்றியிருந்தவர்களுக்கு அது வெறும் கறுப்புக் கறை. எனக்கு அப்படித் திரும்பி நிற்கும் எழுத்தைப் படித்துப் பழக்கம். அச்சகத்தில் செய்ததுபோல வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தாகப் பிழை பார்த்துக்கொண்டே போனேன், யார் பெயராவது அதில் மாட்டியிருக்கிறதா என்று.

"காற்றே இல்லையே, ஏன் இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாய்?" என்றார் ஹாரி. "முடிந்தது. கீழே இறக்கு."

நான் இறக்கவில்லை. கோலில் எங்கள் கீப்பர் கையுறைகளைத் தட்டிக்கொண்டு, முதல் பந்துக்காகக் குனிந்து நின்றான்.