படகுக்காரியின் வாய்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் டிராகன் என்றுதான் சொல்வார்கள். பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன். ஆனால் எழுதுவதெல்லாம் டிராகன், சூனியக்காரி, ஆகாயத்தில் ஓடுகிற ஆறு, அதில் படகு விடுகிற ஒரு படகுக்காரி. என்ன செய்வது, அப்படியொரு கை!

இந்த வருஷம் அவர் தலையில் மூன்று வேலை ஏறி உட்கார்ந்திருந்தது. ஆகாய ஆற்றுக் கதையின் இரண்டாம் பாகத்துக்குத் திருத்தம். அதுவும் லேசுப்பட்ட திருத்தமா? ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கோட்டையை இடித்துவிட்டால், பதினெட்டாம் அத்தியாயத்தில் அதன் மொட்டைமாடியில் நின்று அழுகிற இளவரசியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? இன்னொரு பக்கம் மூன்றாம் பாகம், புதிதாக எழுத வேண்டியது. இது போதாதென்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் பேய்களுக்கு வசனம் கேட்டுப் பிராணனை வாங்கினார்கள். காலையில் பேய், மத்தியானம் திருத்தம், சாயங்காலம் புதுப் பாகம். நடுவில் சாப்பிட்டாரா என்றால் அவருக்கே நினைவிருக்காது.

அதுவரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தார். வேலை மூன்றானதும் பின்னறைக்குக் குடிபோனார். கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். புயலும் இடியும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அது இருந்தால்தான் கை ஓடுமாம். அவர் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம் பகலெல்லாம் பேசிப் பழகியவள், வீட்டுக்கு வந்தும் அதே வேகத்தில் ஆரம்பிப்பாள். இவர் கையைக் காட்டி நிறுத்துவார்.

மூன்றாம் பாகத்தின் பாதியைப் படித்துவிட்டுப் பதிப்பகத்து எடிட்டர் அம்மா போன் செய்தார்.

"எல்லாம் நல்லா வந்திருக்கு சார். ஆனா படகுக்காரிக்கு என்ன ஆச்சு?"

"ஏன், இருக்காளே?"

"இருக்கா. 'ஏறு', 'இறங்கு'ன்னு ரெண்டு வார்த்தை பேசறா. ஜனங்க அவ வாய்க்காகத்தான் சார் புஸ்தகத்தையே வாங்கறாங்க. அவ சரியாகாம இதை என்னால அச்சுக்கு அனுப்ப முடியாது."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பாகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். சும்மா சொல்லக்கூடாது, முதல் பாகத்துப் படகுக்காரி வாயாடிகளுக்கெல்லாம் வாயாடி. டிராகன் படகில் ஏறினால், "நெருப்பைக் கக்கறதா இருந்தா வெளிய போய்க் கக்கு, இப்பத்தான் கூட்டினேன்" என்று விரட்டுவாள். இது எப்படித் தோன்றியது என்று யோசித்தார். அவருக்குத் தோன்றியதே இல்லை அது. பால்கனியில் இவர் சிகரெட் பற்றவைத்தபோது மனைவி சொன்னது. அடுத்த பக்கம் புரட்டினார். அதுவும் அவள் சொன்னதுதான். சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு, தன் கற்பனை என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார் மனுஷன்!

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேசைக்கு வந்தார். மனைவி வந்தாள், கை கழுவினாள், தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு உங்க டாக்டர் எத்தனை பேர் பல்லைப் பிடுங்கினார்?" என்று இவரே ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

அவருக்குப் பயம் வந்தது. புத்தகத்துக்காகத்தான் பயம் என்று முதலில் நினைத்துக்கொண்டார்.

"ஏதாவது பேசேன். முன்னெல்லாம் எவ்வளவு பேசுவே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "படகுக்காரிக்கு வேணுமாக்கும்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல் பாகம் படிக்கும்போதே எனக்குத் தெரியும். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நான் பேசினதுக்கு யார் யாரோ சிரிக்கறாங்களேன்னு. அப்புறம் நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

"அதான் இப்ப வெளிய வந்துட்டேன்ல."

"டாக்டர் வேற ஊர்ல புதுக் கிளை திறக்கறார். என்னைத்தான் பொறுப்பாப் போட்டிருக்கார். வீடு பார்த்தாச்சு. சின்னதுதான், ஒரு ஆளுக்குப் போதும்."

"ஒரு ஆளுக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னேன். கதவைத் திறந்து நின்னு சொன்னேன். சரி சரின்னு தலையாட்டினீங்க."

ஆட்டினார். அது நன்றாகவே ஞாபகம் வந்தது. கதவோரம் அவள் உதடு அசைந்ததும், காதில் இடி இடித்ததும், இளவரசியை எந்த மாடிக்கு மாற்றுவது என்று இவர் தவித்துக்கொண்டிருந்ததும். அவள் என்ன சொன்னாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

"எப்பப் போற?" என்றார்.

"அதையும்தான் சொன்னேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.