அண்ணன் கால் நின்ற இடம்

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கொடைக்கானலுக்கு மேலே எங்கள் ஊரில் அண்ணனும் நானும் சேர்ந்து பூண்டு போட்டோம். ஐம்பது வயதை நெருங்கும்போது அண்ணனுக்கு வலது கை தானாக ஆடத் தொடங்கியது. பிறகு கோயில் முன்னால் உள்ள சமதரையில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். தள்ளினால் விழுவார். சாமிதான் நிறுத்துகிறது, நேர்த்திக்கடன் பாக்கி என்றார்கள். கிடா வெட்டினோம். அடுத்த வாரமும் அங்கேயே நின்றார்.

ஆனால் பூண்டுக் காட்டில் வரப்பு வரப்பாகத் தாண்டி ஆடு போலப் போவார். அதைப் பார்த்ததும் ஊர் அவரை நடிக்கிறார் என்றது. நானும் ஒரு நாள், "காட்டுல ஓடுறீங்க, விறகு தூக்கச் சொன்னா மட்டும் கால் வரலியாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பெண்ணைப் பெற்றவர் கோயில் வரை போய்த் தாரை வார்க்க வேண்டும். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்றார் மதினி.

"நாலு பேரு தூக்குனா அது கல்யாணமா? ஊரு சங்கு ஊதிரும். நடந்துதான் போவேன்," என்றார் அண்ணன்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வராந்தாவில் நடக்கச் சொன்னார் டாக்டர். அண்ணன் இரண்டடியில் நின்றுவிட்டார். நான் தயங்கித் தயங்கிக் காட்டு விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. சாக்பீஸால் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டார். அண்ணன் ஒவ்வொன்றாகத் தாண்டி அந்தக் கோடிக்கே போய்விட்டார்.

"இது சாமியும் இல்ல, நடிப்பும் இல்லீங்க. காலைத் தானா நடக்க வைக்கிற இடம் மூளைக்குள்ள மெலிஞ்சு போச்சு. தாண்டுறதுக்குக் கண்ணு முன்னால ஒண்ணு இருந்தா வேற வழியா கால் வந்துருது. முழுசாக் குணமாக்க மருந்து இல்ல," என்றார்.

கல்யாணத்தன்று வெள்ளனே எழுந்து, வீட்டிலிருந்து கோயில் வரை சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

"ஏலே, கல்யாணத்துக்குப் பாத்தி கட்டி வச்சிருக்கான்!" என்று சிரித்தார் பங்காளி ஒருவர்.

"பூண்ட நட்டுட்டு வாரேன், தாலியக் கையிலயே வச்சிருங்க," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தாண்டினார். கோயில் முன்னால் நிற்கவில்லை.

எல்லோரும் பந்திக்குப் போனதும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்குக் காட்டுல ஓடுறீங்கன்னு சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"கோடு ரொம்ப நெருக்கமாக் கெடக்கு. நாளைக்கு அகலமாப் போடு," என்றார்.

மழையில் அழிந்தால் மறுபடி போடுகிறேன். இன்று காலையும் போட்டேன்.

1963, ஐப்பசி 12.